எலும்பு கேட்கும் அவகாசம்

வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு, நம் ஊர் மைதானங்களுக்கும் ஜிம்களுக்கும் சொல்லும் சேதி

2025 ஜனவரி 4, சிட்னி. காலையில் மார்னஸ் லபுஷேனை வெளியேற்றியபோது ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்ட் தொடரில் ஜஸ்பிரித் பும்ராவின் விக்கெட் எண்ணிக்கை 32 ஆனது. ஆஸ்திரேலிய மண்ணில் ஒரே டெஸ்ட் தொடரில் இந்தியர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அதுவரை 31. 1977-78இல் பிஷன் சிங் பேடி வைத்த சாதனை அது. மதிய உணவு முடிந்து வந்து ஒரே ஒரு ஓவர் வீசினார் பும்ரா. பிறகு மைதானத்தை விட்டு வெளியேறி, காரில் ஏறி, ஸ்கேன் எடுக்கப் போனார். அந்த ஆட்டத்தில் அணித் தலைவரும் அவர்தான். மறுநாள் 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா துரத்தியபோது அவரால் பந்து வீச முடியவில்லை. 2017 முதல் இந்தியாவிடம் இருந்த பார்டர்-கவாஸ்கர் கோப்பை கைமாறியது.

ஐந்து டெஸ்டுகளில் அவர் வீசியது 151.2 ஓவர். பந்துக் கணக்கில் 908. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதாவது 53.2 ஓவர், மெல்பர்ன் டெஸ்டில் மட்டும். அந்த டெஸ்ட் முடிந்தது டிசம்பர் 30. சிட்னி டெஸ்ட் தொடங்கியது ஜனவரி 3. நடுவில் மூன்றே நாள்.

அந்த மூன்று நாளில் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் உடம்பில் எது தேறியிருக்கும், எது தேறியிருக்காது? மூச்சு சில நிமிடங்களில் திரும்பிவிடும். தசைகளில் செலவான மாவுச்சத்துச் சேமிப்பு, நன்றாகச் சாப்பிட்டால் ஒரு நாளில் பெருமளவு நிரம்பிவிடும். தசைவலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் இன்னும் கொஞ்சம் மெதுவானது. கடும் உழைப்புக்குப் பின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்வரை அதில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம், அதற்கப்புறம்தான் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. எலும்புக்கோ மாதக் கணக்கு.

பயிற்சி செய்கிறவர்களில் பெரும்பாலோர் உடம்பின் வேகமான பகுதிகளைக் கேட்டுத்தான் நாளைக்கு எவ்வளவு உழைப்பது என்று முடிவு செய்கிறார்கள். மூச்சு வாங்கவில்லை, தசை வலிக்கவில்லை, எனவே தயார். மெதுவான பகுதிகள் வாய் திறப்பதில்லை. அவை வலியாகப் பேசத் தொடங்கும்போது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். விளையாட்டு வீரருக்கு மட்டுமல்ல, போலீஸ் தேர்வுக்கு ஓடும் இளைஞருக்கும், நாற்பது வயதில் மாரத்தான் ஆசை வந்தவருக்கும், அகாடமியில் பந்து வீசும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதே கதைதான்.

முன்கால் ஊன்றும் கணம்

பந்தை விடும் கணத்தில் வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றுகிறது. அப்போது தரை திருப்பித் தரும் விசை அவருடைய உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டும். அந்தக் கால் விறைத்து நிற்க, இடுப்புக்கு மேலுள்ள உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. எல்லாம் ஒரு விநாடிக்குள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்தில், கீழ்முதுகின் நான்காவது ஐந்தாவது முள்ளெலும்புகளில் இந்தச் சுமை வந்து குவிகிறது. அங்கே முள்ளெலும்பின் பின்புறம், மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் சேர்க்கும் குறுகலான எலும்புப் பகுதி ஒன்று உண்டு. வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் விரிசல் பெரும்பாலும் விழுவது அந்த இடத்தில்தான்.

ஒரு பந்தால் அது உடைவதில்லை. எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். அவற்றைச் சரிசெய்யும் செல்கள் அங்கே வந்து சேரும். சுவரைப் புதிதாகப் பூசுவதற்கு முன் கொத்தனார் உதிரும் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பார் அல்லவா, எலும்பிலும் முதல் வேலை அதுதான். சேதமான பகுதியை அரித்தெடுக்கவே மூன்று வாரம்வரை ஆகும். அதன்பின் புது எலும்பு படிந்து, தாது ஏறி இறுக மூன்று மாதம், சில சமயம் அதற்கும் மேல். ஆக, சுமை திடீரென்று கூடிய முதல் சில வாரங்களில் அந்த இடம் முன்பிருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கிறது. மூச்சும் தசையும் நம்மைத் தயார் என்று நம்பவைப்பதும் சரியாக அதே வாரங்களில்தான்.

அவகாசம் கொடுத்தால் எலும்பு முன்பைவிட உறுதியாக மீண்டு வரும். பல ஆண்டு வீசிய பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகில், சுமை ஏறும் பக்கத்து எலும்பு மறுபக்கத்தைவிட அடர்த்தியாக இருப்பதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. எலும்பைத் தடிக்க வைப்பதும் பந்துவீச்சுதான், உடைப்பதும் பந்துவீச்சுதான். இரண்டில் எது நடக்கும் என்பது இடைவெளியைப் பொறுத்தது.

சேத்துப்பட்டுக்கு வந்த பாடம்

1973 பிப்ரவரியில் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியின் முதுகு விட்டுப்போனது. அப்போது அவருக்கு 23 வயது. கீழ்முதுகு எலும்பில் மூன்று விரிசல்கள். உடம்பைச் சுற்றி ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தார். அந்தக் காலத்தில் வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்கு இப்படி ஆனால் ஆட்டம் முடிந்தது என்றுதான் பொருள். லில்லி, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் இருந்த ஃபிராங்க் பைக்கிடம் போனார். படிப்படியாக உடம்பைக் கட்டினார்கள், ஆக்‌ஷனை மாற்றினார்கள், அவசரப்படவில்லை. 1974-75 ஆஷஸில் ஜெஃப் தாம்சனோடு அவர் திரும்பி வந்து இங்கிலாந்தை என்ன பாடு படுத்தினார் என்பது கிரிக்கெட் அறிந்தவர்களுக்குத் தெரியும். 1984இல் ஓய்வு பெற்றபோது 70 டெஸ்டுகளில் 355 விக்கெட். அன்றைய உலக சாதனை அது.

அந்த லில்லிதான் 1987இல் சென்னைக்கு வந்தார். சேத்துப்பட்டில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பள்ளி மைதானத்தில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்று, 2012இல் கிளென் மெக்ராத்திடம் ஒப்படைக்கும்வரை கால் நூற்றாண்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் என்று எத்தனையோ பேர் அந்த மைதானத்தில் ஓடினார்கள். வேகப்பந்து வீச்சு ஸ்பின் நாட்டுக்கு ஒத்துவராது என்று நாமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. முதுகு உடைந்து மீண்ட ஒருவர் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்ததைச் சென்னை விளையாட்டு வரலாற்றின் பெரும் பேறுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். தன் உடம்பில் பட்ட பாட்டைப் பாடமாக மாற்றிய ஆசிரியர்கள் அபூர்வம்.

லில்லியிடம் பின்னாளில் போய் நின்ற இன்னொரு ஆஸ்திரேலியர் பேட் கம்மின்ஸ். 2011 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் 18 வயதில் அவருக்கு முதல் டெஸ்ட். ஏழு விக்கெட், ஆட்ட நாயகன் விருது. அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து ஆண்டு நான்கு மாதம். திறமை குறைந்ததால் வந்த இடைவெளி அல்ல. முதுகு திரும்பத் திரும்ப விரிசல் விட்டது. கீழ்முதுகு எலும்பு இருபதுகளின் நடுப்பகுதிவரை முழுதாக இறுகுவதில்லை. பதினெட்டு வயதில் சர்வதேச வேகத்தைத் தாங்க அது இன்னும் தயாராகியிருக்கவில்லை. லில்லியோடு உட்கார்ந்து ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டார் கம்மின்ஸ். எலும்பு வயதுக்கு வந்தபின் ஆண்டுக்கணக்கில் தடையில்லாமல் ஆடி, கேப்டனாகி, 2023இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். ஆனாலும் 2025 செப்டம்பரில் எடுத்த ஸ்கேனில் அதே கீழ்முதுகில் எலும்பு அழுத்தம் தெரிந்தது. ஆஷஸின் முதல் டெஸ்டை அவர் வெளியே இருந்துதான் பார்த்தார். ஒருமுறை வென்றுவிட்டால் முடிந்துவிடும் சண்டை அல்ல இது.

பந்துகளை எண்ணியவர்கள்

எவ்வளவு வீசினால் சரி? ஆஸ்திரேலியர்கள் இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ரெபெக்கா டென்னிஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சராசரியாக 123 முதல் 188 பந்து வீசியவர்களோடு ஒப்பிட்டால், அதற்கு மேல் வீசியவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வீசியவர்களுக்கும் அதே போல் கூடுதல். இடைவெளியும் அப்படியே: இரண்டு நாளுக்கும் குறைந்த இடைவெளியில் வீசியவர்களுக்கு ஆபத்து அதிகம், ஐந்து நாளும் அதற்கு மேலும் விட்டவர்களுக்கும் அதிகம். மூன்று, மூன்றரை நாளுக்கு ஒருமுறை வீசியவர்கள் நடுவில் பத்திரமாக இருந்தார்கள்.

இந்த முடிவின் இரண்டாவது பாதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று எடுத்துக்கொண்டவரின் எலும்பும் தசைநாணும் சுமையை மறந்துபோகின்றன. பிறகு ஒரு நாள் திடீரென்று முழு வேகத்தில் இறங்கும்போது அடி விழுகிறது.

2009இல் ஜான் ஆர்ச்சர்டின் குழு இன்னொன்றைக் கண்டது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவருக்குக் காயம் வரும் வாய்ப்பு அடுத்த 21 நாள்வரை உயர்ந்திருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் அல்ல; மூன்று, நான்கு வாரம்வரை நீளும் தாமதம். கொத்தியெடுக்கும் மூன்று வாரத்தோடு இதை வைத்துப் பாருங்கள். மெல்பர்னில் பும்ரா வீசிய 53.2 ஓவர் அந்த எல்லைக்கு அப்பால். சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று ஒரு தனி மனிதர் விஷயத்தில் யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் ஆபத்து கூடிய நாட்களில் அவர் ஆடினார் என்பது தெளிவு. 2019இல் ஒரு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், 2022இல் டி20 உலகக் கோப்பையை இழக்க வைத்த இன்னொரு முதுகுக் காயம், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை என்று ஏற்கெனவே வரலாறு உள்ள முதுகு அது. அதே இடத்தில் மறுபடி அடிபட்டால் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடக்கூடும் என்று சிட்னிக்குப் பிறகு எச்சரித்தவர் முன்னாள் நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஷேன் பாண்ட். அவருக்கும் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அத்தனை வேகமும் அத்தனை திறமையும் இருந்தும் 18 டெஸ்டோடு அவர் கணக்கு முடிந்துபோனது.

2025 இங்கிலாந்துத் தொடருக்கு முன்பே பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று சொல்லிவிட்டார்கள். கேப்டன் பொறுப்பும் வேண்டாம் என்று தானே கிரிக்கெட் வாரியத்திடம் சொன்னதை அவர் தினேஷ் கார்த்திக்குக் கொடுத்த பேட்டியில் விளக்கினார். இந்திய கிரிக்கெட்டில் அந்த நாற்காலியை வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர்? அது நிதானமான, துணிச்சலான முடிவு.

ஜவானும் ஒர்க்லோடும்

ஆனால் நடந்தது என்ன? பும்ரா ஆடாத பர்மிங்காம், ஓவல் டெஸ்டுகள் இரண்டிலும் இந்தியா வென்றது. ஐந்து டெஸ்டும் ஆடிய முகமது சிராஜ் 185.3 ஓவர் வீசி 23 விக்கெட் எடுத்தார். நாடே அவரைத் தோளில் தூக்கியது, தூக்க வேண்டியதும்தான். அந்த உற்சாகத்தில் சுனில் கவாஸ்கர், ஒர்க்லோட் (உழைப்புச் சுமை) என்ற சொல்லே இந்திய கிரிக்கெட் அகராதியிலிருந்து போய்விட வேண்டும் என்ற பொருளில் பேசினார். எல்லையில் நிற்கும் ஜவான் குளிருகிறது என்று முறையிடுவாரா என்றும் கேட்டார்.

ஹெல்மெட் இல்லாமல் மேற்கிந்திய வேகத்தை எதிர்கொண்டவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. சிராஜின் உடம்பு தாங்கியது, அவருடைய ஆக்‌ஷனோடு, அவருடைய எலும்போடு. பும்ராவோ குறைந்த ஓட்டத்தில் வந்து அத்தனை வேகத்தையும் உடம்பின் மேற்பகுதியிலிருந்து உருவி எடுப்பவர். அறுவை சிகிச்சை கண்டவர். ஒருவரின் தாங்கும் சக்தியை இன்னொருவருக்கு அளவுகோலாக வைப்பது நியாயம் அல்ல. தாங்கியவர்களை நாம் திரையில் பார்க்கிறோம். தாங்காதவர்கள் பதினேழு வயதிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

ஜவான் உதாரணத்துக்கு வருவோம். அதிக உழைப்பால் எலும்பு விரிசல் விடும் என்பதை மருத்துவ உலகம் முதன்முதலில் கற்றுக்கொண்டதே சிப்பாய்களிடம்தான். 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பின் இளம் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின், 1897இல்தான், அது பாத எலும்பின் விரிசல் என்று தெரிந்தது. இஸ்ரேல் ராணுவம் இந்தச் சிக்கலோடு 25 ஆண்டு போராடியது. விதவிதமான காலணிகள், விதவிதமான யோசனைகள். கடைசியில் கைகொடுத்தவை இரண்டு: பயிற்சி வீரர்களுக்கு இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியதும், மொத்த நடைத் தூரத்தைக் குறைத்ததும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ராணுவங்கள் ஒர்க்லோடைக் கணக்கிடுகின்றன. கிரிக்கெட்டுக்கு முன்பே கணக்கிடத் தொடங்கிவிட்டன.

ஒரு பையன், நான்கு கேப்டன்கள்

பும்ராவைச் சுற்றி பிசியோ, மருத்துவர், ஸ்கேன் எல்லாம் உண்டு. என் கவலை அவரைப் பற்றியதே அல்ல.

நம் மாவட்டத் தலைநகர் ஒன்றில், நல்ல வேகத்தில் பந்து வீசும் பதினான்கு வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அணிக்கு வீசுவான். அகாடமி நெட்ஸில் வாரம் நான்கு நாள் வீசுவான். லீக் ஆட்டத்தில் அவனைவிட மூத்தவர்களுக்கு நடுவில் வீசுவான். ஞாயிற்றுக்கிழமை தெரு நண்பர்களோடு டென்னிஸ் பால் டோர்னமெண்டுக்கும் போவான். பி.டி. மாஸ்டர், அகாடமி கோச், லீக் கேப்டன், தெரு அணியின் அண்ணன் என்று நான்கு பேர் அவனிடம் பந்தைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய ஓவரை மட்டும் பார்க்கிறார். நான்கையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. விக்கெட் எடுக்கிற பையன் என்பதால் இன்னொரு ஓவர் கொடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. வளரும் வயதில் எலும்பு மிருதுவாக இருக்கும்போது, அணியிலேயே அதிகச் சுமை அந்த எலும்பின்மேல்தான் விழுகிறது.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் தொடர்ச்சியாக எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுவாரியாக விதி வைத்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், குறிப்பிட்ட ஒரு விளையாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மொத்தம் இரண்டு மூன்று மாதமும் விடுப்பு வேண்டும் என்கிறது. நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு சிகாகோவில் செய்த ஆய்விலிருந்து கிடைத்த எளிய அளவு இன்னும் நினைவில் நிற்கக்கூடியது: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைந்த பயிற்சியும் போட்டியும் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 112 விளையாட்டு மாணவர்களிடம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயப்பட்ட வாய்ப்பு, மற்றவர்களைவிட 1.7 மடங்கு. நம் ஊரில் காலை ஐந்தரைக்கு மைதானம், ஒன்பதுக்குப் பள்ளி, மாலை ஆறுக்கு டியூஷன், இரவு பத்துக்குச் சாப்பாடு, பதினொன்றுவரை வீட்டுப்பாடம். எட்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? மைதானத்தையும் டியூஷனையும் சேர்த்து வாங்கிக்கொடுத்த பெற்றோர்தான் இதில் ஒன்றைக் குறைக்கவும் வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. பிள்ளையின் உடம்பு அன்றைய பயிற்சியை உள்வாங்கிக்கொள்ளும் நேரம் அது.

பிசிக்கலுக்கு ஓடுபவர்கள்

தமிழ்நாட்டின் கல்லூரி மைதானங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களில் பலர் ஏதோ ஒரு சீருடைக்காக ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். கடினமான இலக்கு அல்ல, மூன்று நான்கு மாதம் நிதானமாகத் தயாரானால். ஆனால் பலர் எழுத்துத் தேர்வு முடிவு வந்தபின்தான் ஷூ வாங்குகிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலை, மாலை, தார்ச்சாலையில், கடிகாரத்தை வைத்து முழு வேகம். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கால் முன்னெலும்பில் வலி. ஸ்பிரே அடித்துக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டம் தொடர்கிறது. 1855இல் பிரைட்ஹாப்ட் பார்த்த பாதங்களுக்கும் இந்தக் கால்களுக்கும் வேறுபாடு கிடையாது. எலும்பின்மேல் ஒரு விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலிக்கிறது என்றால் அது தசைப்பிடிப்பு அல்ல. உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

இவர்களில் பலர் வீட்டில் முதல் அரசு வேலைக்காக ஓடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே வாரம் மூன்று நாள் மெதுஓட்டத்தையும் தொடங்கிவிடுங்கள்.

மெதுவாக ஓடினால் வேகம் வருமா என்று கேட்பார்கள். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர், உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, அவர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு நிதானமான வேகத்தில் இருந்ததைக் கண்டார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். மிச்சம் 20 விழுக்காடுதான் உயிரைக் கொடுத்து ஓடுவது. ஒலிம்பிக் பதக்கக்காரர்களே ஐந்தில் நான்கு நாள் நிதானமாக ஓடுகிறார்கள். நாமோ தினமும் அரைகுறைக் கடுமையில் ஓடி, கடுமையான நாளன்று கடுமையாகவும் ஓட முடியாமல், லேசான நாளன்று தேறவும் முடியாமல் தேங்கிவிடுகிறோம்.

உடம்பு கொடுக்கும் கணக்கு

ஜிம்முக்குப் போகிறவர்களிடம் இன்னும் உலவும் ஒரு நம்பிக்கை, மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பது. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது. மறுநாள் வலி, பழக்கமில்லாத சுமையில் தசை நார்களில் விழுந்த நுண்சேதத்தால் வருவது. இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். அடங்காமல், தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நெடுநாள் சும்மா இருந்துவிட்டு, முதல் நாளே நண்பர்களோடு போட்டி போட்டு நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தவர்களுக்கு இது நேர்வதுண்டு.

அளவுக்கு மீறிய பயிற்சியை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. ஆனால் உடம்பு குறிப்புக் காட்டும். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதல், களைத்தும் தூக்கம் வராமை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், அடிக்கடி சளி, அதே எடை, அதே தூரம் முன்பைவிடக் கனப்பது. ஒரு வாரம் குறைத்தால் சரியாகிவிட்டால் பாதகமில்லை. திட்டமிட்டு அப்படிக் களைக்க வைத்துத் தேற்றுவது பயிற்சி முறைகளில் ஒன்றுதான். அந்தக் குறிப்புகளைக் கவனிக்காமல் இன்னும் கடுமையாக உழைத்தவர்களுக்குத் தேற மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டே ஆகலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஒன்றைக் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடும் பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், அதை வசதி என்று விட்டுவிடக் கூடாது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் உடம்பு எலும்பைக் கட்டும் வேலையையும் நிறுத்திவைத்திருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதைத் தனிக் குறைபாடாக வகுத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும் என்றும் சொன்னது.

ஐஸ் குளியல், மசாஜ் துப்பாக்கி என்று இப்போது தேறுதலுக்கே ஒரு சந்தை உருவாகிவிட்டது. எடைப் பயிற்சி முடிந்த கையோடு ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் அமிழ்ந்தால் தசை வளர்ச்சியே குறைகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. தூக்கமும் சாப்பாடும் இருக்கும் இடத்தில் இவை தேவையில்லை. அவை இல்லாத இடத்தில் இவற்றால் பயனில்லை.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வேகப்பந்து வீசும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொடுங்கள். பள்ளியில் எத்தனை பந்து, நெட்ஸில் எத்தனை, லீக்கில் எத்தனை, ஞாயிற்றுக்கிழமை எத்தனை, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று அவனே, அவளே எழுதட்டும். நான்கு பேரும் அந்த ஒரே நோட்டைப் பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுங்கள். பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே பந்துவீச்சை நிறுத்தி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். நோட்டை இந்த வாரக் கடைசி ஆட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.